கடலுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

பி.காம். படித்தவனை உறவு, நட்பு வட்டாரத்தில் இரண்டே காரியத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒன்று, கல்யாணத்தில் மொய் எழுத. இரண்டு, கடைசித் தேதி நெருங்கும்போது இன்கம்டாக்ஸ் ஃபாரம் நிரப்ப. மூன்றாவதாக ஓர் அழைப்பு இந்த ஏப்ரலில் வந்தது.

"மே மாசம் பசங்களுக்குப் பாய்மரப் படகு கேம்ப் நடத்தப் போறேன். நீ வந்து கணக்கைப் பார்த்துக்க" என்றார் நண்பர்.

எனக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் மெரினா சுண்டலோடு சரி. ஆனால் "சம்பளம் உண்டு" என்றார். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனிடம் இந்த வார்த்தையைச் சொன்னால் அவன் அண்டார்டிகாவுக்குக்கூட பெட்டி கட்டுவான். ஈ.சி.ஆரில் இருக்கும் ஒரு கழிக்கு வரமாட்டேனா?

நண்பர் காலேஜ் நாளில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு. அப்புறம் முறையாகப் பாய்மரம் கற்று, சொல்லிக்கொடுக்கவும் பயிற்சி எடுத்தவர். இப்போது ஒரு கம்பெனியில் மேனேஜர். அரசாங்க விடுமுறையன்றுகூட ஆபீஸ் போய், சேர்த்து வைத்த லீவை எல்லாம் மே மாதத்தில் இதற்காகச் செலவழிக்கிறார். (நீங்களும் நானும் அதே லீவில் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போய்ச் சாம்பார் வாளி தூக்குவோம்.) பத்து நாள் முகாம். பத்திலிருந்து பதினாலு வயசுப் பிள்ளைகள். ஆரம்பிக்க மூன்று வாரம் இருந்தது.

பாய்மரப் படகு கற்றுக்கொடுக்க முதலில் என்ன வேண்டும்? படகு என்று சொன்னால் உங்களுக்கு பாஸ் மார்க்தான்.

படகு சுலபம். உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு 'ஆப்டிமிஸ்ட்' என்று ஒரு குட்டிப் படகு இருக்கிறது. 1947-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் கிளியர்வாட்டர் ஊரில் பிறந்தது. அந்த ஊர் ஆப்டிமிஸ்ட் கிளப்காரர்கள், பையன்கள் விளையாட ஐம்பது டாலருக்குள் ஒரு படகு வேண்டும் என்று கேட்க, கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர் செய்து கொடுத்தார். அவருக்குக் கிடைத்த ப்ளைவுட் எட்டடி நீளம். ஆகவே படகும் எட்டடிக்குள். கூரான மூக்கு வைத்தால் நீளம் போதாது. மூக்கைச் சப்பையாக வெட்டி விட்டார். முக்கால் நூற்றாண்டாகியும் அதே சப்பை மூக்கு. இப்போது ஃபைபரில் செய்கிறார்கள். வெறும் படகு 35 கிலோ. ஒரே ஒரு பாய். அதில் உட்கார்வதும் ஒரே ஒரு ஆள்.

அந்தக் குப்பத்துப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்திருந்தார் நண்பர். நாற்பது வருஷம் கட்டுமரம் போனவர். ஆறு ஆப்டிமிஸ்ட்களையும் லாரியிலிருந்து இறக்கியபோது சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, மாட்டுக்குத் தண்ணி காட்ற தொட்டி மாதிரி கீது?" என்றார். அன்றிலிருந்து எங்கள் முகாமில் அதற்குத் 'தொட்டி' என்றே பெயர்.

தொட்டியை இளப்பமாக நினைக்கக் கூடாது. சென்னையில் ஒரு கோடை முகாமில் பாய்மரம் பழக ஆரம்பித்தவர்தான் நேத்ரா குமணன். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில், பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2024 பாரிஸுக்கும் போனார். விசாரிக்க வந்த அப்பாக்களில் பாதிப்பேர் இந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். "பத்து நாள்ல எந்த அளவுக்கு வருவான் சார்?" என்று கேட்டார் ஒருவர். பையன் பின்னால் நின்றுகொண்டு செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

என் வேலைக்கு வருகிறேன்.

படகு வாடகை, ரெஸ்க்யூ போட் வாடகை, கொட்டகை, உதவி ஆட்கள் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு ஒன்றரை லட்சம். பையனோ பெண்ணோ, தலைக்குச் சாப்பாடு, இன்ஷூரன்ஸ், டீ-ஷர்ட் என்று இரண்டாயிரம். கட்டணம் பத்தாயிரம். ஆக ஒரு தலைக்கு நமக்கு நிற்பது எட்டாயிரம். ஒன்றரை லட்சத்தை எட்டாயிரத்தால் வகுத்தால் பத்தொன்பது பேர் வந்தால் கையைக் கடிக்காது. பி.காம். இரண்டாம் வருஷப் பாடம்.

நண்பர் பட்டியலில் இருந்ததோ பன்னிரண்டு பேர்.

"ஏன் சார் பன்னெண்டு? வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் கேட்டிருக்காங்களே?"

"ஆறு தொட்டி. ஆறு பேர் தண்ணில, ஆறு பேர் கரையில. அதுக்கு மேல முடியாது."

இந்த முகாமில் பாதிப் பணம் போட்ட பார்ட்னர் ஒருவர் உண்டு. மார்க்கெட்டிங் ஆசாமி. அவர் சும்மா இருப்பாரா? "இன்னும் ஆறு படகு பன்னெண்டாயிரத்துக்கு வருது. பன்னெண்டு பேர் தண்ணில, பன்னெண்டு பேர் கரையில. ஒரே பேட்ச், இருபத்துநாலு பேர். லாபம் எவ்வளவு சொல்லு?"

முப்பதாயிரம். மனக்கணக்கிலேயே வந்துவிட்டது.

"ரெஸ்க்யூ போட்?" என்றார் நண்பர்.

"அதான் ஒண்ணு இருக்கே!"

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இங்கிலாந்தில் ராயல் யாட்டிங் அசோசியேஷன் என்று ஒரு சங்கம். ஊருக்கெல்லாம் பாய்மரப் பாடத்திட்டம் வகுத்துக் கொடுப்பவர்கள். அவர்கள் கணக்குப்படி, தனியாள் ஓட்டும் படகு என்றால் ஓர் ஆசிரியருக்கு ஆறு படகு. ஏன் ஆறு? எட்டு வைத்தால் கடல் கோபித்துக்கொள்ளுமா?

நண்பர் ஒரு பேப்பரை எடுத்து என்னிடமே கணக்குப் போடச் சொன்னார். திடீரென்று ஒரு பலமான காற்று. அது ஒருவனை மட்டும் பார்த்துக் கவிழ்க்காது; எல்லாத் தொட்டியும் ஒரே நேரத்தில் கவிழும். மிதக்கும் ஒரு பையனை ரெஸ்க்யூ போட்டில் தூக்கிப் போட்டு அடுத்தவனிடம் போக மூன்று நிமிஷம் என்று வை. ஆறாவது பையன் ஏறும்போது பதினெட்டு நிமிஷம். பன்னிரண்டாவது பையன்?

முப்பத்தாறு நிமிஷம். அதுவும் மனக்கணக்கிலேயே வந்துவிட்டது. இந்த முப்பத்தாறைச் சொல்லும்போது அந்த முப்பதாயிரத்தைச் சொன்ன குரல் வரவில்லை.

பார்ட்னர் விடவில்லை. "அதெல்லாம் பேப்பர்ல. நிஜத்துல அப்படி எங்க நடந்திருக்கு?"

நடந்திருக்கிறது. 1993 மார்ச் 22. இங்கிலாந்தின் தெற்குக் கரையில் லைம் ரீஜிஸ் என்ற ஊர். ஒரு சாகச விளையாட்டு மையத்திலிருந்து எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்சியாளர்கள் என்று பதினோரு பேர் சின்னத் துடுப்புப் படகுகளில் கிளம்பினார்கள். கரையோரமாகவே பக்கத்து ஊருக்கு. மதியச் சாப்பாட்டுக்குள் முடிய வேண்டிய பயணம். கரையிலிருந்து கடலை நோக்கி அடித்த காற்று படகுகளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. கையில் வெளிச்சக்குண்டு இல்லை, ரேடியோ இல்லை. கரையிலிருந்து கடலோரக் காவல்படைக்குத் தகவல் போனபோது பிற்பகல் மூன்று மணி தாண்டிவிட்டது. நாலு மாணவர்கள் இறந்து போனார்கள்.

இதில் என்னை உலுக்கிய விவரம் வேறு. அதற்கு முந்தின வருஷமே அங்கே வேலை பார்த்த இரண்டு பயிற்சியாளர்கள், இப்படியே போனால் ஏதாவது ஆகிவிடும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஃபைலில் இருந்தது அந்தக் கடிதம். 1994-ல் கோர்ட் அந்தக் கம்பெனியையே கொலைக்குச் சமமான குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. நிர்வாக இயக்குநருக்கு மூன்று வருஷ ஜெயில், அப்பீலில் இரண்டாகக் குறைந்தது. 1995-ல் இந்த மாதிரி மையங்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று தனிச் சட்டமே போட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2024 ஜனவரி 18-ம் தேதி, குஜராத்தில் வதோதராவின் ஹர்னி ஏரி. பள்ளிக்கூடத்துப் பிக்னிக். ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஏற்றிய படகு. பல பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. பன்னிரண்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியைகள் போய்விட்டார்கள்.

பார்ட்னருக்கும் நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். பேசாமல் எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியில் நான் போட்ட பட்ஜெட் இது: பன்னிரண்டு பேராக இரண்டு பேட்ச், மே மாதத்துக்குள்ளேயே. வாடகை எப்படியும் மாதத்துக்குத்தான். இரண்டாவது பேட்சுக்கு பெட்ரோல், உதவியாளர் சம்பளம் என்று இன்னொரு முப்பதாயிரம். மிச்சம் பன்னிரண்டாயிரம் லாபம். நண்பரின் சேமிப்பு லீவு முதல் பேட்சோடு தீர்கிறது. இரண்டாவது பத்து நாளுக்கு எல்.ஓ.பி. அதைக் கழித்தால் மைனஸ். இதை அவர் மனைவியிடம் யார் சொல்வது என்ற தலைப்பில் மட்டும் பட்ஜெட்டில் ஒதுக்கீடு செய்ய முடியவில்லை.

*

அடுத்தது லைஃப் ஜாக்கெட். எங்களுக்கு முதலில் வந்த இருபதில் பதினாலு பெரியவர்கள் சைஸ். "கொஞ்சம் லூஸா இருக்கும், அவ்வளவுதான் சார்" என்றார் கொண்டுவந்தவர். பள்ளி யூனிஃபார்ம் வேண்டுமானால் 'வளர்ற பையன்' என்று லூஸாகத் தைக்கலாம். இதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. ஜாக்கெட்டை மாட்டி, பட்டிகளை இறுக்கி, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்க வேண்டும். பையனும் சேர்ந்து வந்தால் சரி. ஜாக்கெட் மட்டும் வந்தால் தண்ணீரிலும் அதுவேதான் நடக்கும். ஜாக்கெட் மேலே, பையன் கீழே. பதினாலையும் திருப்பி அனுப்பினோம். பிள்ளைகள் சைஸில், கால் இடுக்கு வழியாக வரும் பட்டி வைத்தது வர ஒரு வாரம் ஆனது.

நீச்சல் பரீட்சை இன்னும் தமாஷ். ஃபாரத்தில் 'நீச்சல் தெரியுமா?' என்ற கேள்விக்கு எல்லாப் பெற்றோரும் 'நன்றாகத் தெரியும்' என்று எழுதியிருந்தார்கள். அபார்ட்மென்ட் குளத்தில், நாலடித் தண்ணீரில், கால் தரையில் படுகிற தைரியத்தில் நீந்துவதும் நீச்சல்தான். ஆனால் கழியில் அடி தெரியாது. தண்ணீர் குடித்தால் உப்புக் கரிக்கும். ஆகவே உடுத்த உடையோடு, ஜாக்கெட்டோடு, ஐம்பது மீட்டர். தேறாதவனை அனுப்பிவிட மாட்டோம். முதல் மூன்று நாள் அவனுக்கு நீச்சல் மட்டும். 'ஆஸ்துமா, வலிப்பு உண்டா?' என்ற கேள்விக்கு ஒரு அம்மா கோடு போட்டுவிட்டு, அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்து தாழ்ந்த குரலில் சொன்னார். சொன்னாரே, அதுவே பெரிது. இன்ஹேலர் ஒன்று பெயர் எழுதி ரெஸ்க்யூ போட்டில் ஏறியது.

முதல் நாள் பாடம் என்ன என்று கேட்டேன். "கவிழ்க்கிறது" என்றார் நண்பர்.

பாயை ஏற்றுவது, திருப்புவது எல்லாம் அப்புறம். முதலில் கரையோரத்தில், இடுப்பளவுத் தண்ணீருக்குச் சற்று அப்பால், வேண்டுமென்றே தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். பிறகு சுற்றி நீந்தி வந்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்து, உடம்பு எடையை அதில் போட்டுத் தொங்க வேண்டும். படகு மெதுவாக நிமிரும். உள்ளே காற்றுப் பைகள் இருப்பதால் முழுகாது. ஆனால் தொட்டி நிறையத் தண்ணீர். ஏறி உட்கார்ந்து இறைக்க வேண்டும். இறைக்க நாங்கள் வைத்திருந்தது ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் குறுக்காக அறுத்தது. தெருவில் பத்து வீட்டில் கேட்டு வாங்கினேன். அந்தக் கேனைக் கயிறு போட்டுக் கட்டாவிட்டால் கவிழும்போது முதலில் போவது அதுதான்.

இரண்டாவது பாடம், விடுவது. படகில் பிரேக் கிடையாது. பாயை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு. அதை விட்டால் பாய் கொடி மாதிரிப் படபடக்கும், படகு நின்றுவிடும். கேட்க எவ்வளவு சுலபம்! பயந்தால் மனுஷன் கையில் இருப்பதை இன்னும் கெட்டியாகத்தானே பிடிப்பான்? பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற நமக்குத் தெரியாதா? இதைத் தண்ணீரில் சொல்லித்தர முடியாது. மணலில் தொட்டியை நிறுத்தி, ஒருவர் ஆட்ட, "விடு!" என்று கத்தினால் கயிறு விழ வேண்டும். ஒரு பையனுக்கு நாற்பது தடவை. பாயின் அடியில் குறுக்காக இருக்கும் கட்டைக்கு 'பூம்' என்று பெயர். தலையில் பட்டால் வருகிற சத்தமும் அதுவே. ஆகவே குனியவும் பழக்க வேண்டும்.

காற்றுக்கு எங்களிடம் ஒரு மீட்டர் இருந்தது. கூடவே போஃபோர்ட் அட்டவணை. 1805-ல் ஃபிரான்சிஸ் போஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காற்றுக்குப் போட்ட மார்க் ஷீட். மூன்று மார்க் என்றால் அங்கங்கே ஒரு நுரை தெரியும். மணிக்குப் பத்து கடல் மைலுக்குள். புதுப் பிள்ளைகளுக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். நாலு என்றால் நுரை நிறைய. பெரியவர் மீட்டரைக் கையில்கூட வாங்கவில்லை. "தோ, அந்தப் பனை ஓலை ஓயாம சலசலன்னுச்சுன்னா தொட்டிய எறக்காத" என்றார். நாலைந்து நாள் மீட்டரையும் ஓலையையும் சரிபார்த்தேன். டேலி ஆனது. அவர் இன்னொன்றும் சொன்னார். காலையில் அடிப்பது கரைக்காற்று, வெளியே தள்ளும். மத்தியானம் கொண்டல் ஏறினால் கரைக்குத் தள்ளும். காலையில் தண்ணீரும் முகத்துவாரம் பக்கம் வடிந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். லைம் ரீஜிஸில் நடந்தது ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, இவர் படித்ததில்லை. முகத்துவாரத்துக்கு ரொம்ப முன்னாலேயே சிவப்பு மிதவைகள் போட்டுக் கயிறு கட்டினோம். அலை ஓதம் பார்த்து நேரத்தை மாற்றினோம். காலை வேளை கரையில் பாடம், பதினொரு மணிக்கு மேல் தண்ணீர். வெயில் மண்டையைப் பிளக்குமே என்றால், தொப்பியும் மோரும்தான்.

*

டேலி என்றேன் அல்லவா? வெளிநாட்டுப் படகு கிளப்களிலும் அதே வார்த்தை. தண்ணீரில் இறங்கும்போது போர்டிலிருந்து உன் நம்பர் டோக்கனை எடுத்துக்கொள், திரும்பியதும் மாட்டு. அமெரிக்க முகாம்களிலும் நீந்தப் போகும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு போர்டு உண்டு. போன தலையும் வந்த தலையும் சரியா என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். பற்று, வரவு. இந்த போர்டு என் பொறுப்பு. மொத்த முகாமிலும் பி.காமுக்கு மரியாதை கிடைத்த இடம்.

முகாமுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். என் அக்கா பையனும் உண்டு, நம்பர் ஒன்பது. கவிழ்த்தார்கள், நிமிர்த்தினார்கள், இறைத்தார்கள். ஒரு மணிக்கு எல்லோரும் கரையேறினார்கள். சாம்பார் சாத வாசனை வந்துகொண்டிருந்தது. போர்டில் பதினோரு டோக்கன்.

ஒன்பது இல்லை.

நண்பர் "எங்கயாவது இருப்பான்" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையே அங்கே தடை. மூன்று விசில். எல்லாப் பிள்ளைகளும் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பெரியவர் ரெஸ்க்யூ போட்டில் ஏறி, எஞ்சினை நிறுத்தும் கயிற்றை முழங்காலில் மாட்டிக்கொண்டு கிளப்பினார். (ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சின் நிற்க வேண்டும். 2013-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் இந்தக் கயிறு மாட்டாமல் ஓட்டிய வேகப்படகு, தண்ணீரில் விழுந்த குடும்பத்தின் மேலேயே திரும்பி வந்து இரண்டு பேரைக் கொன்றது.)

"ஆறு தொட்டியும் கரையிலதானே இருக்கு!" என்றார் பார்ட்னர்.

"தொட்டி இருக்கு" என்றார் நண்பர்.

நான் கொட்டகைக்கும் தண்ணீருக்கும் நடுவே நின்றேன். அக்கா காலையில் டிபன் பாக்ஸோடு அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போன முகம் கண்ணுக்குள் வந்தது. கழி அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதியை இதற்கு முன் நான் அழகு என்று இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன்.

எட்டு நிமிஷம். கொட்டகைக்குப் பின்னால், சமையல்காரம்மாவிடம் அப்பளம் வாங்கித் தின்றுகொண்டிருந்தான். உடை மாற்றியாகிவிட்டது. டோக்கன், கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஈர டிராயர் பாக்கெட்டில்.

"மாமா, என்னையா தேடினீங்க?"

அவனைத் திட்டக் கூடாது என்று நண்பர் சொல்லிவிட்டார். திட்டினால் அடுத்த முறை தொலைத்ததைச் சொல்ல மாட்டான். டோக்கன் மாட்டும் இடத்தைத்தான் மாற்றினோம்: இனி பாக்கெட் கிடையாது, லைஃப் ஜாக்கெட் ஜிப்பில் வளையம் போட்டுத் தொங்கும். ஜாக்கெட்டைத் திருப்பித் தரும்போது நான் கழற்றி போர்டில் மாட்டுவேன். வளையத்துக்கான செலவு நூற்று இருபது ரூபாய். பார்ட்னர் தன் பையிலிருந்து கொடுத்தார், பில்கூடக் கேட்கவில்லை.

அக்காவிடம் இந்த எட்டு நிமிஷத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவள். வியாழக்கிழமை போன் வரும்.